மார்க் எடுத்தால் சைக்கிள்: மனிதரைச் செயல்பட வைப்பது எது?

பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்கினால் பாளையங்கோட்டைப் பக்கம் பள்ளிகளில் மோட்டிவேஷன் வகுப்பு தொடங்கிவிடும். ஒருவர் மைக்கைப் பிடித்துப் பேசுவார், திரையில் ஐந்து வண்ணத்தில் ஒரு பிரமிடு வரும், முடிவில் பிள்ளைகள் எழுந்து நின்று கை தட்டுவார்கள். அதே வாரத்தில் வீட்டில் வேறொரு பேரம் நடக்கும். "நானூத்தம்பது எடுத்தன்னா சைக்கிள் வாங்கித் தாரேம்ல."

பள்ளியில் கனவைப் பற்றிப் பேச்சு, வீட்டில் கூலியைப் பற்றிப் பேச்சு. நடுவில், பரிசு கொடுத்தால் பிள்ளையின் ஆர்வமே செத்துப்போகும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. பெற்றோர் குழம்பாமல் என்ன செய்வார்கள்? மூன்றுக்குமே உளவியலில் ஆதாரம் இருக்கிறது, மூன்றுமே பாதிதான் சரி. எந்தப் பாதி என்று பார்க்க, கொஞ்சம் அடியிலிருந்து வர வேண்டும்.

முதலில் சொற்கள்

ஊக்கம் என்று பேச்சில் சொல்வது உற்சாகத்தை. உளவியலில் அதன் பொருள் வேறு: ஒரு செயலைத் தொடங்க வைப்பது எது, அதைக் குறிப்பிட்ட பக்கம் திருப்புவது எது, பாதியில் விடாமல் பிடித்து வைப்பது எது. கை தட்டிவிட்டு வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறக்காத பையனுக்கு உற்சாகம் இருந்தது, ஊக்கம் இல்லை.

இந்தக் கட்டுரைக்கு நான்கு சொற்கள் போதும்.

1. உந்தல்: உள்ளே இருக்கும் குறை தள்ளுவது. பசி, தாகம், வலி.
2. ஈர்ப்பு: வெளியே இருக்கும் பொருள் இழுப்பது. காசு, சைக்கிள், பாராட்டு.
3. புற ஊக்கம்: செயல் முடிந்தபின் கிடைக்கும் ஒன்றுக்காகச் செய்வது.
4. அக ஊக்கம்: செய்வதே பிடித்திருப்பதால் செய்வது.

பசியும் கூலியும்

1943-இல் அமெரிக்க உளவியலாளர் கிளார்க் ஹல் முழு வடிவில் முன்வைத்த கோட்பாடு எளிமையானது. உடலில் ஒரு குறை தோன்றுகிறது, அது பதற்றமாகிறது, பதற்றம் தணியும் வரை உயிர் ஓடுகிறது. எது தணித்ததோ அது பழக்கமாகிறது. பி. எஃப். ஸ்கின்னர் உள்ளே நடப்பதை ஒதுக்கிவிட்டு, பலன் எந்த ஒழுங்கில் கிடைக்கிறது என்பதை மட்டும் எண்ணினார். சார்லஸ் ஃபெர்ஸ்டருடன் சேர்ந்து 1957-இல் அவர் வெளியிட்ட ஆய்வுகளில் இரண்டு ஒழுங்குகள் நமக்கு முக்கியம்.

ஒன்று, எண்ணிக்கைக்குப் பலன். முக்கூடல், கடையம், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் வீடுகளில் இதைக் கண்ணால் பார்க்கலாம். மடியில் சுளகு, அதாவது முறம். அதில் அளவுக்கு வெட்டிய இலை, ஒரு ஓரத்தில் தூள். தூளை வைத்து இலையைச் சுருட்டி, நூலைச் சுற்றி, வாயை மடக்கினால் ஒரு பீடி. 25 சேர்ந்தால் ஒரு கட்டு. ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. கை நின்றால் காசும் நின்றது. இந்த ஒழுங்கில் வேகம் கூடும், ஒரு சுற்று முடிந்ததும் சின்ன ஓய்வு வரும் என்று புறாக்களை வைத்து ஸ்கின்னர் கண்டார். ஆயிரம் முடிந்ததும் ஒரு டீ, ஒரு சோம்பல் முறிப்பு, அப்புறம்தான் அடுத்த இலை.

இன்னொன்று, எத்தனையாவது முறை பலன் கிடைக்கும் என்றே தெரியாத ஒழுங்கு. தாமிரபரணிப் படித்துறையில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பவரை யாரும் எழுப்ப முடியாது. அடுத்த நொடி மீன் கடிக்கலாம். சீட்டாட்டமும் செல்போனும் இதே வகை. விட முடியாமல் ஒட்டிக்கொள்வதில் இதற்கு இணை கிடையாது.

ஆனால் பீடி சுற்றுபவரைக் கூலி மட்டும் இயக்குகிறது என்றால் கணக்கு உதைக்கும். கடையில் எண்ணிப் பார்ப்பவர் சில பீடிகளைக் கழித்துப் போட்டால் வரும் கோபம் அந்தச் சில பீடிகளின் காசைவிடப் பெரியது. "என் கைப் பீடியைக் கழிச்சிட்டாரே" என்பதில் இருப்பது காசு இல்லை. தவிர, தனியாக உள்ளறையில் சுற்றினாலும் அதே கூலிதான். இருந்தாலும் திண்ணையில் நான்கு பேர் சேர்ந்துதான் உட்காருகிறார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. ஊக்கக் கோட்பாடுகள் பெரும்பாலும் தெரிவு இருக்கும் மனிதரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. வீட்டைவிட்டு வெளியே போக வழியில்லாமல், வேறு வேலையும் இல்லாமல் சுளகை எடுத்தவரிடம் உங்களை இயக்குவது எது என்று கேட்பதில் கொஞ்சம் அபத்தம் இருக்கிறது.

குரங்கு கெடுத்த கணக்கு

ஹல்லின் கோட்பாட்டில் முதல் பெரிய ஓட்டையைப் போட்டவை ரீசஸ் குரங்குகள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹார்லோ தாழ்ப்பாள், கொக்கி பொருத்திய பலகைகளைக் கூண்டில் வைத்தார். பசி இல்லை, பரிசு இல்லை. குரங்குகள் தாமாகவே பூட்டைக் கழற்றின, மறுபடி மறுபடி கழற்றின. 1950-இல் வெளியான அவரது ஆய்வு இதற்கு அக ஊக்கம் என்ற பெயரையே பயன்படுத்தியது. செய்வதே பலனாக இருக்கும் செயல்கள் உண்டு என்று ஏற்க வேண்டி வந்தது.

பத்தமடைப் பாய் நெய்பவர்களிடம் இது புதுச் செய்தியாக இருக்காது. கோரையை ஆற்றுத் தண்ணீரில் ஊறப்போட்டு, மெல்லிய இழையாகக் கிழித்து நெய்யும்போது, இழை எவ்வளவு நுண்மையோ அவ்வளவு நாள் கூடும். சாதாரணப் பாய் சீக்கிரம் முடியும், சீக்கிரம் காசாகும். துணி மாதிரி மடியும் பட்டுப்பாயை நெய்யக் காசுக்கணக்கு மட்டும் காரணமாக இருந்திருந்தால் அந்த நுட்பம் இவ்வளவு தலைமுறை தாண்டி வந்திருக்குமா என்பது சந்தேகம்.

மாஸ்லோ வரையாத பிரமிடு

மோட்டிவேஷன் வகுப்புப் பிரமிடுக்கு வருவோம். ஆபிரகாம் மாஸ்லோ 1943-இல் எழுதிய கட்டுரையில் ஐந்து தேவைகளைச் சொன்னார்: உடல் தேவை, பாதுகாப்பு, அன்பும் உறவும், மதிப்பு, தன்னால் ஆகக்கூடியதாக ஆவது. கீழே உள்ளது ஓரளவு நிறைந்தால் மேலே உள்ளது தலைதூக்கும் என்றார். அந்தக் கட்டுரையில் பிரமிடு இல்லை. 1960 வாக்கில் நிர்வாகவியல் எழுத்தாளர்கள் வரைந்தது அது.

படம் வந்ததும் பொருள் மாறிவிட்டது. படிக்கட்டு மாதிரி, ஒன்று முழுதாக முடிந்தால்தான் அடுத்தது என்று ஆகிவிட்டது. மாஸ்லோ அப்படிச் சொல்லவில்லை. சராசரி மனிதருக்கு உடல் தேவை 85 சதவீதம், பாதுகாப்பு 70, அன்பு 50, மதிப்பு 40, கடைசித் தேவை 10 சதவீதம் என்று ஒரே நேரத்தில் நிறைந்திருக்கலாம் என்று ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரே செயலுக்குப் பல தேவைகள் சேர்ந்து காரணமாகும் என்றும் எழுதினார். லட்சியத்துக்காக எல்லாவற்றையும் துறப்பவர்கள் தன் வரிசைக்கு விலக்கு என்பதையும் அவரே குறித்து வைத்தார்.

அந்த விலக்குக்கு உதாரணம் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டாம். 1908-இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்னின்று நடத்திய வ.உ.சி. வக்கீல் தொழிலையும் வசதியையும் விட்டவர். அதே ஆண்டு சிறைக்குப் போனார், செக்கிழுத்தார். தொழிலாளருக்கு அடித்தட்டுத் தேவை, தலைவருக்கு உச்சித் தேவை என்று பிரித்தாலும் சரிவராது. சம்பளத்தையே நம்பியிருப்பவர் வேலையை நிறுத்துவது பாதுகாப்பைப் பணயம் வைத்து மதிப்பைக் கேட்பதுதான்.

ஊர்க்கோயில் திருவிழாவான கொடையை எடுத்துக்கொண்டாலும் இதே கதை. கடன் இருக்கிறது, மும்பையில் வாடகை பாக்கி இருக்கிறது. ஆனாலும் கொடைக்குச் சம்பளமில்லாத விடுப்பு போட்டு ஊருக்கு ரயில் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். குடும்பத்துக்கு இவ்வளவு என்று கொடைக்குப் போடும் தலைக்கட்டு வரியைக் கைமாத்து வாங்கியாவது கட்டிவிடுவார்கள். பிரமிடுப்படி அவர்கள் இரண்டாம் தட்டைத் தாண்டியிருக்கவே கூடாது.

அப்படியானால் மாஸ்லோ தப்பா? முழுக்க இல்லை. 1956-இல், அப்போது நெல்லை மாவட்டத்தில் இருந்த எட்டயபுரத்தில் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது அதன் பின்னால் இருந்த எண்ணம் மாஸ்லோவின் அடித்தட்டேதான்: வயிறு காய்ந்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது. பசி மற்றதை மறைக்கும் என்பது சரி. பசி தீரும் வரை மற்றது பிறக்காது என்பதுதான் தவறு.

அண்ணாச்சி கடைப் பையனின் கணக்கு

1959-இல் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் சம்பளம், மேலதிகாரி, வேலைச்சூழல் போன்றவை கெட்டால் வெறுப்பு வரும், சரியாக இருந்தால் மகிழ்ச்சி வராது, வெறுப்பு நீங்கும் அவ்வளவே என்றார். சோற்றில் உப்பு மாதிரி. அலுவலகங்களில் இன்றும் பேசப்படும் கருத்து என்பதற்கு மேல் இங்கே தேவையில்லை.

விக்டர் வ்ரூம் 1964-இல் சொன்னதுதான் அதிகம் பயன்படும். மனிதர் மூன்று கேள்வி கேட்கிறார் என்பது அவர் கருத்து.

1. முயன்றால் என்னால் முடியுமா?
2. முடித்தால் சொன்னது கிடைக்குமா?
3. கிடைப்பது எனக்கு வேண்டியதா?

மூன்றையும் பெருக்க வேண்டும், கூட்டக் கூடாது. ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம்.

நெல்லைச் சீமையிலிருந்து சென்னை மளிகைக் கடைக்குப் போகும் பையனை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் எழுந்து மூட்டை இறக்குகிறான், பொட்டலம் கட்டுகிறான், இரவு கடை அடைத்தபின்தான் படுக்கை. முடியுமா என்றால், கடை வேலை கண்ணால் பார்த்துக் கற்கக்கூடியது. கிடைக்குமா என்றால், தனக்கு முன் அதே கடையில் நின்றவர் இன்று இரண்டு தெரு தள்ளித் தனிக்கடை வைத்திருக்கிறார். வேண்டியதா என்றால், ஊரில் அவனை நாலு பேர் அண்ணாச்சி என்று கூப்பிட வேண்டும் என்பதுதான் ஆசையே. முன்னால் நின்றவருக்குத் தனிக்கடை அமையாமல் போயிருந்தால் இரண்டாவது கேள்வி பூஜ்யமாகும். பையன் அடுத்த மாதமே ஊர் பஸ்ஸைப் பிடிப்பான். சோம்பேறி என்று அவனைத் திட்டிப் பயனில்லை.

மோட்டிவேஷன் பேச்சின் கோளாறு இங்கேதான். அது மூன்றாம் கேள்வியை மட்டும் ஊதிப் பெரிதாக்குகிறது. கணக்கில் பின்னமே புரியாத பிள்ளைக்கு முதல் கேள்வி பூஜ்யம். கனவு எவ்வளவு பெரிதானாலும் பெருக்கினால் வருவது பூஜ்யம்தான்.

சாதனை விருப்பத்தை ஆராய்ந்த டேவிட் மெக்லெலண்ட் இதற்கு நல்ல சோதனை வைத்தார். பொருட்காட்சியில் இருக்குமே, அந்த வளையம் எறியும் விளையாட்டுதான். எங்கிருந்து எறிவது என்பது அவரவர் விருப்பம். சாதனை விருப்பம் கூடியவர்கள் கம்புக்குப் பக்கத்திலும் நிற்கவில்லை, எட்டாத தூரத்துக்கும் போகவில்லை. முயன்றால் விழும் என்ற நடுத்தூரத்தில் நின்றார்கள். இந்த விருப்பத்தைப் பயிற்சியால் வளர்க்கலாமா என்று அவர் சோதித்துப் பார்த்தது நம் பக்கத்து மாநிலத்தில், 1960-களின் நடுவில், காக்கிநாடாவின் சிறு வியாபாரிகளிடம். பயிற்சி பெற்றவர்கள் பெறாதவர்களைவிடத் தொழிலில் சுறுசுறுப்பானார்கள் என்பது 1969-இல் அவர் வெளியிட்ட முடிவு.

பரிசு எப்போது கெடுக்கிறது?

வாட்ஸ்அப் செய்தியின் வேர் இங்கே இருக்கிறது. எட்வர்ட் டெசி 1971-இல் வெளியிட்ட சோதனையில் மாணவர்களுக்குத் துண்டுகளைச் சேர்த்து வடிவம் அமைக்கும் புதிர்களைக் கொடுத்தார். ஒரு குழுவுக்கு நடுவில் ஒரு நாள் மட்டும், புதிருக்கு ஒரு டாலர் தந்தார். சோதனைக்கு இடையில் அவர் அறையைவிட்டு வெளியே போய்விடுவார். அந்த ஓய்வு நிமிடங்களில் யார் தானாகப் புதிரைத் தொடுகிறார்கள் என்பதுதான் உண்மையான அளவை. காசு நின்றபின், காசு வாங்கிய குழு புதிரைத் தொடும் நேரம் குறைந்தது.

1973-இல் மார்க் லெப்பரும் உடன் ஆய்வாளர்களும் மழலைப் பள்ளியில் ஸ்கெட்ச் பேனாவால் வரையப் பிடித்த பிள்ளைகளை மூன்றாகப் பிரித்தார்கள். வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டிச் சொல்லப்பட்டவர்கள், சொல்லாமல் கடைசியில் கொடுக்கப்பட்டவர்கள், எதுவும் பெறாதவர்கள். சில நாள் கழித்துப் பார்த்தால் முதல் குழு மட்டும் மற்றவர்களில் பாதி நேரமே வரைந்தது. இரண்டாம் குழுவுக்கும் அதே சான்றிதழ்தான், ஆனால் பாதிப்பு இல்லை. ஆக, கெடுத்தது சான்றிதழ் இல்லை, "வரைந்தால்தான்" என்ற பேரம்.

டெசி, கோஸ்ட்னர், ரையன் மூவரும் 1999-இல் 128 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவு:

1. முன்பே சொல்லி, செய்தால்தான் என்று கொடுக்கும் பொருட்பரிசு அக ஊக்கத்தைக் குறைக்கிறது.
2. எதிர்பாராமல் கிடைக்கும் பரிசு குறைப்பதில்லை.
3. வாய்ப்பாராட்டு கூட்டுகிறது, அதில் அதிகாரத் தொனி இல்லாதவரை.
4. ஆரம்பத்திலேயே ஆர்வம் இல்லாத சலிப்பு வேலையில் இந்தப் பாதிப்பே இல்லை. இல்லாததை எப்படிக் குறைப்பது?

பாதிப்பு இவ்வளவு பெரிதில்லை என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு, அந்தச் சண்டை நெடுநாள் நடந்தது. இரு தரப்பும் வந்து நிற்கும் இடம் ஏறக்குறைய ஒன்றுதான். பரிசு ஒரு செய்தியையும் சேர்த்துக் கொண்டுவருகிறது. "உனக்கு இது கைவந்துவிட்டது" என்றும் அது பேசும், "இது காசு கொடுத்தால்தான் செய்யத்தக்க வேலை" என்றும் பேசும்.

அபராதமும் இப்படித்தான். இஸ்ரேலின் ஹைஃபா நகரில், பிள்ளையை அழைக்கத் தாமதமாக வரும் பெற்றோருக்குச் சில காப்பகங்கள் அபராதம் போட்டன. தாமதம் ஏறக்குறைய இரட்டிப்பானது. 2000-இல் இதை வெளியிட்ட உரி நீசியும் ஆல்டோ ருஸ்டிச்சினியும் அபராதம் ஒரு கட்டணமாக மாறிவிட்டது என்றார்கள். ஆசிரியையைக் காக்க வைத்த சங்கடம் போய், காசு கட்டியாயிற்றே என்ற நிம்மதி வந்தது. அபராதத்தை நீக்கிய பிறகும் பழைய சங்கடம் திரும்பவில்லை.

தேர் வடத்தில் எத்தனை கை?

இதுவரை தனி மனிதர். கூட்டத்தில் என்ன ஆகிறது?

பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கல்மான் ஆட்களை விட்டுக் கயிறு இழுக்கச் சொல்லி அளந்தார். 1913-இல் வெளியான கணக்குப்படி, எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தால் ஒவ்வொருவரும் தனியாக இழுப்பதில் ஏறக்குறைய பாதிதான் இழுத்தார்கள். ஒரு காரணம், எல்லாரும் ஒரே நொடியில் இழுக்காதது. இன்னொன்று, நாம் ஒருவர் விட்டால் என்ன என்ற நினைப்பு. 1974-இல் வேறு ஆய்வாளர்கள் இந்த இரண்டு காரணங்களையும் பிரித்துப் பார்த்தார்கள். கண்ணைக் கட்டி, பின்னால் பலர் இழுப்பதாக நம்ப வைத்து, உண்மையில் ஒருவரை மட்டும் இழுக்க விட்டார்கள். அப்போதும் பலம் குறைந்தது.

ஆனி மாதம் நெல்லையப்பர் தேரில் இந்த இரண்டையும் நேரில் காணலாம். வடத்தைத் தொட்டாலே புண்ணியம் என்பதால் தொடுபவர்களுக்குக் குறைவில்லை. ஒரு கையில் வடம், மறு கையில் போன் என்று நிற்பவர்களை ரிங்கல்மான் பார்த்திருந்தால் சிரித்திருப்பார். ஆனாலும் தேர் நகர்கிறது. கோஷம் எழும் நொடியில் எல்லாக் கையும் சேர்ந்து இழுக்கிறது. முதல் காரணத்துக்கு மருந்து அது. இரண்டாவதற்கு மருந்து சக்கரத்தடியில் இருக்கிறது. கட்டை போட்டுத் தேரைத் திருப்புபவர் நாலைந்து பேர்தான், அத்தனை கண்ணும் அவர்கள் கைமேல். தன் பங்கு தெரியும்போதும், வேலை தனக்குப் பொருளுள்ளதாக இருக்கும்போதும் இந்தச் சோம்பல் குறையும் என்பது 1993-இல் காராவும் வில்லியம்ஸும் 78 ஆய்வுகளைத் தொகுத்துக் கண்டது. கொடை வரியில் யார் வீட்டுப் பாக்கி என்பது ஊருக்கே தெரியும்படி வைத்த பெரியவர்களுக்கு இந்தத் தொகுப்பு தேவைப்படவில்லை.

தன்விருப்பம் என்றால் தனியாகவா?

டெசியும் ரிச்சர்ட் ரையனும் சேர்ந்து பின்னர் வளர்த்த கோட்பாட்டில் மூன்று தேவைகள் உண்டு: தன்விருப்பம், திறமையுணர்வு, உறவு. கழிக்கப்பட்ட பீடிக்கு வந்த கோபம் இரண்டாவது, திண்ணைக் கூட்டம் மூன்றாவது. முதலாவதில்தான் நம் ஊர்ப் பெற்றோர் மிரளுகிறார்கள்: பிள்ளை இஷ்டத்துக்கு விட வேண்டுமா?

1999-இல் ஷீனா ஐயங்காரும் லெப்பரும் சான் ஃபிரான்சிஸ்கோவில் 7 முதல் 9 வயதுப் பிள்ளைகளிடம் எழுத்துப் புதிர் கொடுத்துப் பார்த்தார்கள். வெள்ளை அமெரிக்கப் பிள்ளைகள், தாமே தேர்ந்தெடுத்த புதிரில் சிறப்பாகச் செய்தார்கள். ஆசிய வம்சாவளிப் பிள்ளைகள், அம்மா தேர்ந்தெடுத்தது என்று சொன்ன புதிரில் இன்னும் சிறப்பாகச் செய்தார்கள். நம்பும் ஒருவர் தேர்ந்ததைத் தன்னுடையதாக எடுத்துக்கொள்வதும் தன்விருப்பமே. எடுத்துக்கொள்ளவில்லை என்றால்தான் அது கட்டாயம்.

புற ஊக்கம் எல்லாம் ஒரே ரகமில்லை என்று இதே கோட்பாடு படிகளாகப் பிரிக்கிறது. ஒரே பாடத்தைப் பிள்ளை படிக்கக்கூடிய காரணங்கள்:

1. சைக்கிளுக்காக, அல்லது அடிக்குப் பயந்து.
2. பெயிலானால் தெருவில் தலைகாட்ட முடியாது என்று.
3. நர்ஸ் ஆக வேண்டும், அதற்கு உயிரியல் வேண்டும் என்று.
4. உயிரியலே பிடித்திருப்பதால்.

கடைசி மட்டும்தான் அக ஊக்கம். ஆனால் மூன்றாவதும் பிள்ளையின் சொந்தம், நிலைக்கும். பெற்றோர் முதல் படியில் பேரம் பேசுகிறார்கள், மேடைப் பேச்சாளர் நான்காம் படியிலிருந்து கூப்பிடுகிறார். பெரும்பாலான பிள்ளைகள் ஏறி நிற்கக்கூடிய மூன்றாம் படியைப் பற்றி இரண்டு பக்கமும் பேச்சே இல்லை.

சைக்கிளுக்கு வருவோம்

ஆங்கில எழுத்துப் பிழையைத் திருத்தித் திருத்தி எழுதும் சலிப்பு வேலைக்குச் சின்னப் பரிசு கொடுப்பதில் தவறில்லை. கெடுக்க அங்கே ஆர்வம் இல்லை. கணக்கைத் தானாகவே போட்டுப் பார்க்கும் பிள்ளைக்குக் கணக்கு மார்க்குக்கு விலை வைக்க வேண்டாம். மார்க் வந்தபின் சொல்லாமல் கடைக்குக் கூட்டிப்போனால் அதே காசு வேறு செய்தி சொல்லும். முந்நூறு எடுக்கும் பிள்ளையிடம் நானூற்றைம்பது கேட்பது, வளையத்தை ரத வீதியின் மறுமுனையிலிருந்து எறியச் சொல்வது.

இன்னொன்று. அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் படித்தால், பிளஸ் ஒன் சேர்ந்ததும் அரசு ஒரு சைக்கிள் தருகிறது. பத்தாம் வகுப்பில் எத்தனை மார்க் என்று கேட்பதில்லை. பள்ளிக்கூடம் தூரம், போக வண்டி வேண்டும், அவ்வளவுதான்.